ஸ்கவுட் கார்டு குடுத்துட்டுப் போனாரு, இப்ப என்ன பண்றது?

கேள்வி: அமெரிக்காவுல, அயோவா மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கோம். பையனுக்கு 16 வயசு, ஸ்கூல் பேஸ்பால் டீம்ல பிட்சர், அதாவது பந்து எறியறவன். போன வாரம் ஒரு ஸ்கவுட், அதாவது திறமையான பசங்களைத் தேடி வர்றவர், பந்தோட வேகத்தை அளக்குற ரேடார் கன்னோட வந்து மேட்ச் பாத்துட்டு கார்டு குடுத்துட்டுப் போனாரு. அதுலேர்ந்து பையன் தினமும் எறிஞ்சுக்கிட்டே இருக்கான். வீக்கெண்ட் டோர்னமென்ட்லயும் ஆட விடுங்க, இல்லைன்னா யார் கண்ணுலயும் பட மாட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன செய்யட்டும்? – ஒரு அம்மா

பதில்: சந்தோஷமான விஷயம்ங்க, முதல்ல வாழ்த்துக்கள். சின்ன ஊருன்னு கவலையே படாதீங்க. உங்க அயோவாலயே வான் மீட்டர்னு ஒரு குட்டி ஊரு, அங்க பாப் ஃபெல்லர்னு ஒரு விவசாயி பையன், அப்பா பண்ணையில மரத்தை வெட்டி மகனுக்காகவே ஒரு மைதானம் போட்டுக் குடுத்தாரு. க்ளீவ்லேண்ட் டீம் ஸ்கவுட் சை ஸ்லாப்னிக்கா அந்த ஊர்ப்பக்கம் தேடி வந்து பையனைப் பாத்து, ஒரு டாலரும் வீரர்கள் கையெழுத்துப் போட்ட பந்தும் குடுத்து ஒப்பந்தம் போட்டாரு. 1936 ஆகஸ்ட்ல, 17 வயசுல, அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல, முதல் தடவையா ஆட்டத்தைத் தொடங்குற பிட்சரா இறங்கின அன்னிக்கே 15 பேரைப் பந்தை அடிக்க விடாம ஸ்ட்ரைக்-அவுட் பண்ணிட்டு, சீசன் முடிஞ்சதும் திரும்பி வந்து ஸ்கூலையும் முடிச்சாரு.

ஆனா அந்த ஒப்பந்தமே அன்னிக்கு இருந்த விதிக்கு விரோதம்னு பஞ்சாயத்தாகி, க்ளீவ்லேண்ட் 7,500 டாலர் கட்ட வேண்டியதாச்சு. இப்ப ஸ்கூல் முடிச்சப்புறம் பெரும்பாலும் டிராஃப்ட் (டீம்கள் முறை போட்டு புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறது) வழியாத்தான் போகணும், அதனால இன்னிக்கே எதுலயாவது கையெழுத்துப் போடுங்கன்னு யாராவது அவசரப்படுத்தினா போடாதீங்க. அந்தக் கார்டை எடுத்துப் பாருங்க, மேஜர் லீக் டீமா, காலேஜா, இல்ல காசு வாங்கிட்டு, பசங்க திறமையைக் காட்டுற ஷோகேஸ் நடத்துற கம்பெனியா? நிஜமான டீம் ஸ்கவுட் உங்ககிட்ட ஒரு பைசா கேக்க மாட்டாரு.

எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கிறது அந்தத் தினமும் எறியறதுதாங்க. கிரிக்கெட்ல பவுலர் கையை மடக்கி நிமித்தி எறியக்கூடாது, பேஸ்பால்ல முழங்கையை மடக்கி சுண்டி எறியறதுதான் வேகமே, அந்த இழுப்பு நிறைய முழங்கை உள்பக்கம் எலும்புகளைப் பிணைக்கிற ஒரு சின்ன லிகமென்ட் மேல விழுது. அது கிழிஞ்சா டாமி ஜான் ஆபரேஷன், திரும்ப எறிய பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால்ங்கிற அமைப்பும் சேர்ந்து போட்ட பிட்ச் ஸ்மார்ட்ங்கிற கணக்குல 15, 16 வயசுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம், 75-ஐத் தாண்டினா 4 நாள் ரெஸ்ட், வருஷத்துல 4 மாசமாவது போட்டியில பிட்ச் பண்ணக் கூடாது.

உங்க ஊர்ல இன்னொரு சிக்கல், அயோவால ஸ்கூல் சீசனே கோடையிலதான், வீக்கெண்ட் டோர்னமென்ட்டும் அதே கோடையிலதான். ஸ்கூல் கோச் அவர் மேட்ச்ல போட்ட பந்தை எண்ணுவாரு, வீக்கெண்ட் கோச் அவரோடதை எண்ணுவாரு, ரெண்டையும் கூட்டிப் பாக்க ஆளே இருக்காது. அந்த ஆளு நீங்கதான்மா. ஆட்டம் புரியணும்னுகூட இல்ல, ஒரு நோட்டுல தேதி போட்டு எத்தனை பந்துன்னு எழுதுங்க, ரெண்டு கோச்கிட்டயும் காட்டுங்க. முழங்கை வலிக்குதுன்னு அவன் ஒரு தடவை சொன்னாலும் அன்னிக்கே நிறுத்திட்டு ஸ்போர்ட்ஸ் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மறுநாள் ஸ்கவுட் வர்றாருன்னாலும் சரி. கார்டு குடுத்தவருக்கு ஸ்கூல் கோச்சை விட்டே போன் பண்ணச் சொல்லுங்க, அடுத்த மேட்ச் தேதியை அவரே சொல்லட்டும்.