இறங்குகோட்டில் மாடல் விமானம் வேகம் பிடிக்கிறதா?

சாகசப் போட்டிக்கான உங்கள் ரிமோட் மின்சார விமானம் ஏறும்போது திணறி, செங்குத்தாக இறங்கும்போது வேகம் பிடிக்கிறது என்கிறீர்கள். அதற்கு முதலில் பார்க்கவேண்டியது புரொப்பெல்லர். பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் கணக்குத் தூரம்) அதிகம் என்று நினைக்கிறேன். 20x13-க்குப் பதில் 21x12 போடுங்கள் (முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்). ஏற்றத்தில் இழுவை கூடும், இறக்கத்தில் தடையும் கூடும்.

மாற்றுமுன் ஒரு சோதனை: காற்றில்லாத காலையில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை) முழுக்கக் குறைத்து செங்குத்தாக இறக்குங்கள். கடைசிவரை வேகம் ஏறினால் ஈஎஸ்சி-யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில்) பிரேக் அமைப்பையும் பாருங்கள். புரொப்பெல்லரை முழுதாக நிறுத்திவிடாதீர்கள், மெதுவாகச் சுழன்றால்தான் நன்றாகத் தடுக்கும்.

அப்புறம் விரல் பழக்கம். மேலே இழுக்கத் தொடங்கும்போதே த்ராட்டில் கூடவேண்டும். வேகம் செத்தபிறகு தள்ளினால் நடுவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

21x12 சுமார் 12 சதவீதம் கூடுதல் சுமை. காரைக்குடி மதிய வெயிலில் பேட்டரி ஏற்கெனவே கொதிக்கும். வாட்மீட்டரில் (மின்னோட்டத்தை அளக்கும் கருவியில்) ஆம்பியர் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். தரை இடைவெளியும் அரை அங்குலம் குறையும்.