கச்சான், சோளன்ல வாற நஞ்சும் ஜீனை அமத்துற வேலையும்: கேட்ட ஆக்களுக்குப் பதில்

கொக்கட்டிச்சோலைத் தம்பி ஒராள்: அண்ணன், ஜீனை அமத்துறது எண்டா மருந்தடிக்கிறதா?

இல்ல தம்பி, மருந்தே இல்ல. கச்சான், சோளன்ல பிடிக்கிற ஆஸ்பர்ஜிலஸ் எண்ட பச்சைப் பங்கசுக்குள்ள (பூஞ்சணம்தான்) அஃப்ளாடாக்சின் நஞ்சைச் செய்யிறதுக்கெண்டே வரிசையா ஜீன்கள், அதாவது என்ன செய்யணும் எண்டு சொல்ற பரம்பரைக் கட்டளைகள், கிடக்கு, அதில முக்கியமான ஒண்டு படுத்தாலும் நஞ்சு வராது. அந்த ஜீனுக்குப் பொருந்துற ஆர்என்ஏய, அதாவது ஜீன்ட செய்தி மாதிரியே இருக்கிற ஒரு மூலக்கூறை, சோளன் பயிரே செய்யிற மாதிரி மாத்தி விட்டா, பங்கசு மணியத் தின்னக்குள்ள அதுவும் உள்ள போகும், மறுகா பங்கசே தன்ட ஜீன் அனுப்புற செய்தியத் துண்டு துண்டா வெட்டிப் போடும். இந்த வழிய 1998ல ஒரு சின்னப் புழுவில காட்டின ஃபயர், மெல்லோ எண்ட ரெண்டு விஞ்ஞானிகளுக்கும் 2006ல நோபல் பரிசு குடுத்தாங்க.

வாகரை அக்கா: அப்ப பங்கசு செத்துருமா?

சாகாது அக்கா, நஞ்சுதான் வராது. 2017ல அமெரிக்காவில அரிசோனாவில இப்பிடி மாத்தின சோளனுக்குப் பங்கசை வேணுமெண்டே ஏத்திப் பாத்தாங்க, நஞ்சு தட்டுப்படவே இல்ல. இந்தியாவில ஐதராபாத்தில இருக்கிற இக்ரிசாட் எண்ட பயிர் ஆராய்ச்சி நிலையத்தில கச்சானுக்கு ஜீனையும் அமத்தி, பங்கசை எதிர்க்கிற புரதத்தையும் சேர்த்தாங்க, எனக்கு இந்த ரெட்டை வழிதான் நல்லாப் பிடிச்சிருக்கு.

அக்கரைப்பற்றுல இருந்து: சேர், விதை எங்க எடுக்கலாம்?

கடையில இல்ல, இன்னும் ஆராய்ச்சியோடதான் நிக்குது. ஆரும் கொண்டு வந்து வித்தா வாங்காதீங்க.

வெல்லாவெளித் தங்கச்சி: பூஞ்சணம் பிடிச்ச கச்சானை அவிச்சா சரிதானே? இல்லாட்டி கோழிக்குப் போடலாமா?

ரெண்டும் வேணாம் தங்கச்சி, கும்பிட்டுச் சொல்றன். அவிக்கிற சூட்டுக்கு இந்த நஞ்சு போகாது, ஈரலில புத்துநோய் கொண்டு வாற சாமான் இது. 1960ல இங்கிலாந்தில ஒரு லச்சத்துக்கு மேல வான்கோழி செத்தது கச்சான் புண்ணாக்குத் தீனாலதான், அதிலதான் இந்த நஞ்சையே கண்டுபிடிச்சாங்க. 2004ல கென்யாவில வீட்டுல ஈரத்தோட வச்ச சோளனைத் திண்டு 125 பேர் செத்தாங்க.

விதை வரும் வரைக்கும் நம்மட கையில கிடக்கிறது காய வைக்கிறதுதான். காய் முத்துற நேரம் தண்ணியில்லாமக் கச்சானை வாட விடாதீங்க, புடுங்கினதும் வெறும் நிலத்தில கொட்டாமப் படங்கு விரிச்சுக் காயப் போடுங்க, குலுக்கினா உள்ள பருப்புக் கலகலக்கணும், வெடிச்சது சூம்பினது எல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சு போட்டு மறுகா சாக்கில கட்டுங்க.