நத்தார் வேலைக்குள் செபம் தொலைகிறதே!

கேள்வி: அக்கா, நான் குருநகரில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து நத்தார் நிகழ்ச்சியான ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என் பொறுப்பு. பின்னேரம் கோயிலில் கரோல் பயிற்சி. கனடாவில் இருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. அவர் குறை சொல்லக்கூடாது என்று வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறோம். கேக், பலகாரம் எல்லாம் என் தலையில். இரவில் செபமாலையைக் கையில் எடுத்தால் முதல் பத்து முடிய முன்னமே நித்திரை. ஆண்டவரை மறந்துவிட்டு அவருடைய பிறந்தநாளுக்கு ஓடித் திரிகிறேனோ என்று மனம் குத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, நித்திரை வந்ததற்காகக் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட வேண்டாம். நாள் முழுக்க நின்று வேலை செய்த உடம்பு அது.

லூக்கா 21:34ஐ ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுற்றில் ஓர் ஆண்டு, நத்தாருக்கு ஆயத்தம் செய்கிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு பூசையில் வாசிக்கிற பகுதி. உள்ளத்தை மந்தமாக்குகிறவை என்று களியாட்டத்தையும் குடிவெறியையும் சொன்ன இயேசு, அதே மூச்சில் வாழ்க்கைக் கவலையையும் சேர்த்துவிடுகிறார். குடியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. கவலை அப்படி மாட்டுப்படுவதில்லை, வெளியே பார்த்தால் பொறுப்பு மாதிரி இருக்கும். உங்களை அமுக்குவது வேலை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ‘மச்சாள் குறை சொல்லக்கூடாது’ என்று எழுதினீர்களே, அதுதான்.

ஆண்டவரைக் கேட்பதற்கு வேலையை விட்டுவிட்டுத் தனியே போக வேண்டும் என்று யார் சொன்னது? இயேசு பிறப்பார் என்று சொல்ல வானதூதர் கபிரியேல் வந்தபோது மரியா என்ன செய்துகொண்டிருந்தார் என்று லூக்கா எழுதவே இல்லை. கையில் புத்தகத்தைக் கொடுத்து அமைதியாக இருத்தியது ஓவியர்கள். திருமுழுக்கு யோவானின் தகப்பன் சக்கரியாவோ ஆலயத்துக்குள்ளேயே தூபம் காட்டிக்கொண்டு நின்றவர், அவருக்குத்தான் தூதர் சொன்னதை நம்ப முடியவில்லை.

அதனால் இரவுச் செபமாலையோடு மல்லுக்கட்டாமல், மூவேளைச் செபத்தைப் பிடியுங்கள். காலை, மத்தியானம், பின்னேரம் சொல்லுகிற பழைய செபம்தான். இரண்டு மூன்று நிமிடம் போதும். தூதர் மரியாவுக்கு அறிவித்ததும், அவர் ‘ஆகட்டும்’ என்றதும், கடவுளின் வாக்கு மனிதர் ஆனதும் அதற்குள்ளே வந்துவிடும். திருவருகைக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான செபம் எனக்குத் தெரியாது. கோயில் மணி கேட்டால் மாப்பிசைந்த கையோடேயே சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் மணி கேட்காது என்றால் ஃபோனில் அலாரம் வையுங்கள், அதில் வெட்கம் இல்லை.

அப்புறம், டிசம்பர் 17இல் இருந்து 24 வரை பூசையில் வாசிக்கிற நற்செய்திகளைப் பாருங்கள். முதல் இரண்டு நாளும் மத்தேயு: இயேசுவின் தலைமுறை அட்டவணை, யோசேப்பின் கனவு. 19ஆம் திகதி தொடங்கி லூக்காவின் முதல் அதிகாரம் துண்டு துண்டாக வரும். மொத்தம் 80 வசனம்தான். பூசைக்குப் போக முடியாவிட்டால் அடுப்படியில் நின்றபடி அன்றைய துண்டைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 21ஆம் திகதிக்கு உரிய பகுதியில் மரியா தன் உறவினரான, சக்கரியாவின் மனைவி எலிசபெத்தின் வீட்டுக்குப் போகிறார். மூன்று மாதமளவில் அங்கே தங்கினார் என்று லூக்கா சொல்லுகிறார். விருந்தாளி என்று சும்மா இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. உங்கள் மச்சாளுக்கும் முறுக்குப் பிழியத் தெரியுந்தானே? விடுங்கள், உதவட்டும்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்தக் கிழமையே போய்விடுங்கள். கடைசி நாட்களில் வரிசையில் நின்றால் அங்கேயும் கேக்தான் நினைவில் நிற்கும்.

சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதையும் 25க்கு முன்னால் திணிக்க வேண்டாம். நாங்கள் 26ஆம் திகதியோடு நத்தாரை மூட்டை கட்டினாலும், திருச்சபைக்கு அது ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை போகும். கனடாக்காரர் அதற்குள் திரும்பிவிட மாட்டார்கள் என்றால் ஆறுதலாகப் போகலாம்.

ஒளிவிழாவையும் கரோலையும் கைவிடாதீர்கள், பிள்ளைகள் பாவம். பெயின்ற் முன் விறாந்தையோடு நிற்கட்டும். மழைக்குள் அது எப்படியும் காயப் போவதில்லை.