ஆளுநரின் 5 ஆண்டு: தீவிலிருந்தும் கரையிலிருந்தும் வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆளுநர் பதவியைப் பற்றியவை. கேட்டவர்களில் பலர் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்.

5 ஆண்டு முடிந்த அன்றே ஆளுநர் கிளம்பிவிட வேண்டுமா ஐயா? (தங்கச்சிமடம்)

வேண்டியதில்லை. அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும் வரை அவர்தான் ஆளுநர். அரசமைப்பின் 156-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. 2004 நவம்பரில் தமிழ்நாட்டு ஆளுநராகப் பொறுப்பேற்ற பர்னாலா 2011 ஆகஸ்ட் வரை, ஏறக்குறைய 7 ஆண்டு இருந்தார்.

போன மாதம் ஒரு மாணவி தன் நோட்டைக் காட்டினார். ‘பதவிக்காலம் 5 ஆண்டு’ என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தார். நான் சட்டப் புத்தகத்தைத் திறந்து, அந்த வரிக்கு முன்னால் இருக்கும் ‘உட்பட்டு’ என்ற சொல்லில் விரலை வைத்தேன். எதற்கு உட்பட்டு? குடியரசுத் தலைவர் விரும்பும் வரைதான் பதவி என்ற முதல் உட்பிரிவுக்கு. அதாவது 5 ஆண்டு என்பது உத்தரவாதம் இல்லை. அதற்கு முன்பே அனுப்பிவிடலாம், அவராகவே ராஜினாமா செய்யவும் செய்யலாம்.

எங்கள் ஊராட்சியில் தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர் பார்த்துக்கொள்வார். ஆளுநருக்கு ஏன் துணை இல்லை? (தொண்டி)

நல்ல கேள்வி. குடியரசுத் தலைவருக்குத் துணைத் தலைவர் உண்டு, ஆளுநருக்கு அப்படி யாரும் இல்லை. புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு பதவி. திடீரென்று இடம் காலியானால் யார் பார்ப்பது என்பதைக் குடியரசுத் தலைவர் முடிவு செய்வார், 160-ஆவது பிரிவு அதற்குத்தான்.

தமிழ்நாட்டில் இது பல தடவை நடந்திருக்கிறது. 1980-இல் ஆளுநர் பட்வாரி நீக்கப்பட்டபோது, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயில் சில நாட்கள் பொறுப்பில் இருந்தார். கம்பனில் தோய்ந்த அதே இஸ்மாயில்தான். 1996 டிசம்பரில் சென்னா ரெட்டி பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆந்திர ஆளுநர் கிருஷண் காந்த் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ரோசய்யா 5 ஆண்டு முடித்துப் போன பிறகு, 2016 செப்டம்பரிலிருந்து மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் கூடுதல் பொறுப்பு 13 மாதம் இருந்தது. ஒரு முதலமைச்சர் மறைந்ததும், இரண்டு முறை புதிய முதலமைச்சர் பதவியேற்றதும் அந்த 13 மாதத்தில்தான். அப்படிப்பட்ட நேரத்தில் முழுநேர ஆளுநர் இல்லாதது சரியல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஆளுநரை நீக்க முடியுமா? (கீழக்கரை)

முடியாது. கோரிக்கை வைக்கலாம், அவ்வளவுதான். மத்திய அமைச்சரவை சொன்னால் குடியரசுத் தலைவர் நீக்கலாம். ஆனால் அதற்கும் கடிவாளம் உண்டு. மத்தியில் ஆட்சி மாறிவிட்டது என்பதற்காக மட்டும் நீக்கக் கூடாது என்று 2010-இல் பி.பி. சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சொன்னது. நீக்குவதற்குச் சட்டமன்ற வழியிலேயே நடைமுறை வேண்டும் என்று, மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்ம கலாம் ஐயா ஆளுநர்களை நியமித்திருக்கிறாரா? (பாம்பன்)

ஆமாம். ஆளுநர் நியமன ஆணை குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இட்டு வரும். மேலே சொன்ன பர்னாலாவின் 2004 நியமனம் கலாம் காலத்தில்தான்.

இரண்டு மாநிலம் பார்த்தால் இரண்டு சம்பளமா? (மண்டபம்)

இல்லை. ஒரே சம்பளம்தான், அதை இரண்டு மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும்.

நானும் ஆளுநராக முடியுமா? (தேவிபட்டினம், வயது 19)

இந்தியக் குடிமகனாக இருந்து 35 வயது நிறைந்திருந்தால் போதும். படிப்புத் தகுதி என்று சட்டம் எதையும் கேட்கவில்லை. சொந்த மாநிலத்தவரை அங்கேயே ஆளுநராக்குவதில்லை என்பது வழக்கம். தமிழிசை தெலங்கானாவுக்குப் போனது போல நீங்களும் வெளியே போக வேண்டியிருக்கும் தம்பி. இந்தி, தெலுங்கு ஏதாவது ஒன்றை இப்போதே படிக்க ஆரம்பியுங்கள்.