நிரம்பியபடியே திரும்பும் தண்ணீர் பாட்டில்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் இந்த வருடம் மதிப்பெண்ணில் சறுக்கிவிட்டான். உட்கார்ந்து படி என்றால் தலைவலி என்கிறான். முன்போல யாரிடமும் கலகலப்பாகப் பேசுவதில்லை. வகுப்பில் சில பையன்கள் இவனைக் கேலி செய்கிறார்கள் போலிருக்கிறது. ஒருநாள் சட்டைப் பொத்தான்கள் அறுந்து வந்தான், கேட்டதற்கு விளையாடும்போது அறுந்தது என்றான். என் கணவரோ, "ஆம்பளைப் பையன், ரெண்டு அடி வாங்கினா நாலு அடி குடுக்கக் கத்துக்குவான்" என்கிறார். மற்றபடி ஒழுக்கமான பையன்தான். (போன வருடம் பாடம் நடக்கும்போது அடிக்கடி பாத்ரூம் போகக் கேட்கிறான் என்று அவனுடைய மிஸ் புகார் சொன்னார். நான் கண்டித்த பிறகு அந்தப் பழக்கம் நின்றுவிட்டது.) ஒரே தொல்லை, கொடுத்தனுப்பும் தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவருவான். அதற்குத் தினமும் என்னிடம் திட்டு வாங்குவான். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவான். இவனுக்குத் தைரியம் வரவழைக்க என்ன செய்வது? கராத்தேயில் சேர்க்கலாமா, பள்ளியையே மாற்றிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கராத்தே இருக்கட்டும் அம்மா. அந்த அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே இரண்டு வரி, அதை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண்ணுக்கு ஒரு தனி வாக்கியம் கொடுத்தீர்கள், கணவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதினீர்கள், இதை மட்டும் ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? பல வருடங்களாக இந்தக் கடிதங்களைப் படித்துவருகிறேன். எழுதுகிறவர் முக்கியமில்லை என்று ஓரமாக ஒதுக்கிய இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது.

போன வருடம் உங்கள் பையன் பாடம் நடக்கும்போது பாத்ரூம் போகக் கேட்டான். ஏன் இடைவேளையில் போகவில்லை? இடைவேளையில் அங்கே யாரோ இருக்கிறார்கள். பாடம் நடக்கும்போது அங்கே யாரும் இருப்பதில்லை. 11 வயதுக் குழந்தை, தனக்கு ஆபத்தில்லாத நேரம் எது என்று தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். மிஸ் அதைப் புகாராகச் சொன்னார். நீங்கள் கண்டித்தீர்கள். அவனுக்கு இருந்த ஒரே வழியையும் நீங்கள் இருவரும் சேர்ந்து அடைத்துவிட்டீர்கள்.

பிறகு அவன் என்ன செய்தான்? போக முடியாது என்றால் போகவேண்டிய தேவையே வரக்கூடாது. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். பழக்கம் நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அர்த்தம் இதுதான். காலையில் கிளம்புவதிலிருந்து திரும்பி வரும்வரை ஏழெட்டு மணி நேரம் தாகத்தையும் அடக்கி, அதற்குமேல் முடியாமல் ஷூவோடு ஓடுகிறான். அந்தத் தலைவலிக்குக்கூடத் தண்ணீர் குடிக்காததே காரணமாக இருக்கலாம். நிரம்பிய பாட்டிலைத் தினமும் உங்கள் கையில்தான் கொடுக்கிறான். நீங்கள் வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, திட்டிவிட்டு, தொட்டியில் கொட்டுகிறீர்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் குறைத்துச் சொல்லமாட்டேன்.

நான் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தவள் இல்லை. அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கலாம், காலை வைக்கமுடியாத அசுத்தமாக இருக்கலாம். இவன் உள்ளே போனால் பையன்கள் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு நிற்கலாம், மேலேறி எட்டிப் பார்க்கலாம், போனில் படம் எடுக்கலாம். சொல்லவே நாக்கு கூசுகிற இன்னொன்றும் உண்டு. அங்கே இவனைத் தொடுகிற ஒரு பெரிய பையனோ, ஒரு பெரியவரோ இருக்கலாம். ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் நடக்காது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நடக்கிறது. பெண்பிள்ளையைவிட இவன் சொல்வதற்கு அதிகம் தயங்குவான், ஏனென்றால் வீட்டில் "ஆம்பளைப் பையன்" என்ற வார்த்தையை ஏற்கெனவே கேட்டிருக்கிறான். இதில் எது நடக்கிறது என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். அவனிடம்தான் கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது? எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். துணி மடிக்கும்போது, சேர்ந்து நடக்கும்போது, முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "போன வருஷம் நீ பாத்ரூம் போகக் கேட்டதுக்கு உன்னைத் திட்டினேன். ஏன்னு உன்கிட்ட கேட்கவே இல்லை. அது என் தப்புப்பா." பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. தப்பை ஒப்புக்கொள்ளாத பெரியவர்களிடம் பிள்ளைகள் எதையும் கொண்டுவருவதில்லை என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி: "ஸ்கூல்ல பாத்ரூம் போனா என்னப்பா ஆகும்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மௌனம் என்றாலும் பரவாயில்லை. அன்று சொல்லாவிட்டால் இன்னொரு நாள் சொல்வான்.

"அந்தப் பையனா, இந்தப் பையனா" என்று நீங்களாகப் பெயர் எடுத்துக் கொடுக்காதீர்கள். "நீ ஏன் சும்மா இருந்தே?" என்று மறந்தும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் குற்றம் அவன் தலைக்கு மாறிவிடும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டால் செய்துகொடுக்காதீர்கள், அந்தச் சத்தியத்தைப் பிறகு நீங்களே உடைக்கவேண்டி வரும். "சொல்லவேண்டியவங்க கிட்ட மட்டும் சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அவன் தூங்கிய பிறகு, அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் அழுகையையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா உடைந்துபோவதைப் பார்த்தால் மிச்சத்தைச் சொல்லாமல் விழுங்கிவிடுவான்.

தொட்டார்கள், ஆடையைக் கழற்றவைத்தார்கள், படம் எடுத்தார்கள் என்று அவன் சொன்னால் விஷயம் பள்ளியின் கையில் இல்லை. அது கேலி இல்லை, குற்றம். முதலில் மருத்துவர், கூடவே காவல்துறை, குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகள். அந்த உடைகளைத் துவைக்காதீர்கள். போனில் ஏதாவது வந்திருந்தால் அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பவும் செய்யாதீர்கள். "நாங்களே விசாரிச்சுக்கறோம், பள்ளியின் பெயர் கெட்டுடும்" என்று நிர்வாகம் சொல்லும். அதைக் கேட்டு ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். அது எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். மாதக்கணக்காகச் சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம், மலச்சிக்கல் வரலாம்.

இப்போது உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் பையன் அடி வாங்கி, திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொள்வான் என்கிறீர்கள். அவன் கற்றுக்கொண்டதைப் பார்த்தீர்களா? தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். வீட்டில் சொன்னாலும் அப்பா சிரிப்பார் என்று கற்றுக்கொண்டிருக்கிறான். சமபலம் உள்ள இருவர் போட்டுக்கொள்வது சண்டை, அதில் நீங்கள் சொல்வதற்கு ஒருவேளை இடம் இருக்கலாம். இது அந்த வகை இல்லை. பள்ளியில் பிள்ளைகளே பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான டான் ஓல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்கமுடியாதவனிடம் செய்வது. மூன்றாவதைக் கவனியுங்கள். எதிர்க்கமுடியாது என்று தெரிந்துதான் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவனிடம் போய் எதிர்த்து நில் என்கிறீர்கள். தகப்பன் செய்யவேண்டிய வேலையை 12 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

அந்த ஓல்வேயஸின் வேலை எங்கிருந்து வேகம் பிடித்தது தெரியுமா? 1982-இன் கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்கள் செய்த கொடுமைதான் காரணம் என்று கருதப்பட்டது. நாடு பதறிப்போய், 1983-இல் எல்லாப் பள்ளிகளிலும் இதைத் தடுக்க இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரப் பள்ளிகளில் ஓல்வேயஸ் செய்துபார்த்தவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. இடைவேளையில் பெரியவர்கள் கண்காணித்தார்கள். வகுப்பில் தெளிவான விதிகள் இருந்தன. கொடுமை செய்கிற பிள்ளையோடும் அவன் பெற்றோரோடும் உட்கார்ந்து கண்டிப்பாகப் பேசினார்கள். இரண்டு வருடத்தில் தொந்தரவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். அடி வாங்குகிற பிள்ளைக்குத் தைரியம் ஊட்டி இதைச் செய்யவில்லை அம்மா. பெரியவர்கள் எழுந்துபோய், நிற்கவேண்டிய இடத்தில் நின்றார்கள்.

ஆகவே பள்ளிக்குப் போங்கள். இருவரும் போங்கள். அம்மா மட்டும் வந்தால் "அம்மாக்கள் கொஞ்சம் பயப்படுவாங்க" என்று சிரித்து அனுப்புகிற தலைமையாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் உண்மை. வாயால் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். தேதியோடு கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தொல்லை கொடுக்கிற பையனைத் தண்டிக்கவேண்டும் என்று தொடங்காதீர்கள், பேச்சு முழுவதும் அவன் செய்தானா இல்லையா என்பதிலேயே முடிந்துவிடும். இடைவேளையில் பாத்ரூம் பக்கம் எந்த ஆசிரியர் நிற்கிறார் என்று கேளுங்கள். யாரும் நிற்பதில்லை என்றுதான் பதில் வரும். நாளையிலிருந்து யார் நிற்பார் என்று கேளுங்கள். அதுவரை, பாடம் நடக்கும்போது உங்கள் பையன் எழுந்தால் காரணம் கேட்காமல் அனுப்பவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்த மிஸ்ஸைக் கூண்டில் ஏற்றவேண்டாம். அவர் கவனிக்கத் தவறியதை நீங்களும்தான் கவனிக்கவில்லை. ஆனால் இயற்கை உபாதைக்கு அனுமதி மறுப்பது ஒழுங்கு ஆகாது என்பதை அவரிடம் சொல்லித்தான் தீரவேண்டும். பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித கண்ணியத்துக்குப் பொருந்தியதாக இருக்கவேண்டும் என்று 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வருகிறோம் என்று தேதி குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கை குலுக்கவைத்துவிடுகிறோம்" என்றால் சம்மதிக்காதீர்கள். ஆசிரியர் முன்னால் குலுக்கிய கை, கதவுக்குப் பின்னால் என்ன செய்யும் என்று உங்கள் பையனுக்குத் தெரியும். அதேபோல, வாசலில் காத்திருந்து அந்தப் பையனைப் பிடித்து மிரட்டாதீர்கள், அவனுடைய அப்பாவுக்குப் போன் போடாதீர்கள். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. அவன் வீட்டில் என்ன நடக்கிறதோ, அதையும் பள்ளிதான் விசாரிக்கவேண்டும்.

ஒரு நண்பனைப் பற்றிக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அதுவும் என்னை உறுத்துகிறது. கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 100-க்கு 88 சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். குறுக்கே வந்தது 19 சம்பவங்களில்தான். ஆனால் அப்படிக் குறுக்கே வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்தே விநாடியில் தொல்லை நின்றுவிட்டது. அவன் கூட நடந்துபோக ஒரு பையன் போதும். பழைய சிநேகிதன் யாராவது இருந்தால் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

பள்ளியை மாற்றுவதை இப்போது யோசிக்காதீர்கள். தப்பு செய்யாதவன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினால், தன்னிடம்தான் கோளாறு என்ற நினைப்பு அவனோடு புதுப் பள்ளிக்கும் போகும். எழுத்தில் கொடுத்தும் அசையாத பள்ளி என்றால் அப்போது மாற்றுங்கள், மேலதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டு மாற்றுங்கள். பதில் வரும்வரை அவனுக்கு ஆபத்து என்று தோன்றினால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் பாடம் போனால் பிடித்துக்கொள்ளலாம். கராத்தே அவனுக்குப் பிடித்திருந்தால் போகட்டும், விளையாட்டாகப் போகட்டும்.

நாளைக் காலை பாட்டிலை நிரப்பும்போது, "குடிக்காமல் கொண்டுவந்தாலும் திட்டமாட்டேன்" என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். மதிப்பெண்ணை எழுதவேண்டாம். சாயங்காலம் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் மீதி இருந்தது என்று எழுதுங்கள்.