கம்பெனி பேரை அடிச்சாலும் கூகுள்ல வரலையே, ஏன்? வாசகர் கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். சைட் போட்டாச்சு, காசும் போயாச்சு, தேடுனா வரல. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன், பேர் வேணாம்னு சிலர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (திருப்பூர்): டி-ஷர்ட் ஹோல்சேல் பண்றோம் சார். அக்கா பையன்தான் வேர்ட்பிரஸ்ல சைட் பண்ணி குடுத்தான், மூணு மாசம் ஆச்சு. கம்பெனி பேரையே அடிச்சாலும் வர மாட்டேங்குது.

பேரை அடிச்சே வரலைன்னா அது ரேங்க் பிரச்சனையா இருக்காது சார், அனேகமா உங்க சைட் கூகுளோட கணக்குலயே ஏறல. முதல்ல அதை பாத்துடலாம். கூகுள்ல இங்கிலீஷ்ல சைட்னு நாலு எழுத்து அடிச்சு, ஒட்டுனாப்ல ஒரு கோலன் வச்சு, இடம் விடாம உங்க டொமைன் பேரை போட்டு தேடுங்க. ஒரு பக்கம் கூட வரலைன்னா உள்ள எங்கயோ கதவு சாத்தியிருக்குன்னு வச்சுக்கலாம். வேர்ட்பிரஸ்னு சொல்றீங்க, அதனால நேரா டாஷ்போர்டுல செட்டிங்ஸ், அதுக்குள்ள ரீடிங் போங்க. அந்த பக்கத்தோட அடியில சர்ச் எஞ்ஜின்கள் இந்த சைட்டை இண்டெக்ஸ் பண்ண (அதாவது கணக்குல ஏத்த) வேணாம்னு சொல்ற ஒரு செக்பாக்ஸ் இருக்கும். சைட் கட்டிக்கிட்டு இருக்கும்போது அரைகுறையா வெளிய தெரியக்கூடாதுன்னு பசங்க அதுல டிக் போட்டுடுவாங்க, வேலை முடிஞ்சதும் எடுக்க மறந்துடுவாங்க. மூணு மாசமா வரலைன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கறதே இந்த டிக்கைத்தான். மருமகப்புள்ளைய திட்டாதீங்க, காசு வாங்கிட்டு செய்யற கம்பெனிக்காரங்களே இதை மறக்கறாங்க.

டிக்கை எடுத்துட்டு கூகுள் சர்ச் கன்சோல்ல (உங்க சைட் தேடல்ல எப்படி இருக்குன்னு கூகுளே காட்டற இடம்) சைட்டை சேருங்க, அது ஃப்ரீதான். சைட்மேப்புக்காக (சைட்ல இருக்கற பக்கங்களோட பட்டியல்) தனியா பிளகின் தேட வேணாம், 2020 ஆகஸ்ட்ல வந்த 5.5 வெர்ஷன்ல இருந்தே வேர்ட்பிரஸ் தானா ஒண்ணு செஞ்சு வச்சுடுது, அந்த முகவரியை கன்சோல்ல குடுத்தா போதும். அப்புறம் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்ல ஹோம் பேஜை போட்டு இண்டெக்ஸ் பண்ண சொல்லி ரிக்வெஸ்ட் குடுங்க. நாளைக்கே வந்துடும்னு எதிர்பாக்காதீங்க, சில நாள் ஆகும், சில சமயம் சில வாரமே ஆகும்.

இன்னொண்ணும் பாத்தேன். உங்க ஹோம் பேஜ்ல முதல் வரியே "எங்கள் நிறுவனத்துக்கு வருக, தரமே எங்கள் தாரக மந்திரம்"னு இருக்கு. இதை யாரும் தேட மாட்டாங்க சார். வாங்கறவன் தேடறது "180 ஜிஎஸ்எம் பயோ வாஷ் ரவுண்ட் நெக் ஹோல்சேல் திருப்பூர்" மாதிரி, இல்லன்னா குறைஞ்சது எத்தன பீஸ் எடுக்கணும், பிரிண்டிங் சேர்த்து பண்ணுவீங்களா, பிளைன் ஸ்டாக் இருக்கான்னு. ஃபோன்ல பையர் கேக்கற கேள்வியை ஒரு வாரம் நோட்டுல எழுதி வைங்க, அதுக்கு சொல்ற பதிலைத்தான் பக்கமா போடணும். ஒவ்வொரு ஜிஎஸ்எம்முக்கும் (துணியோட எடை அளவு), ஒவ்வொரு மாடலுக்கும் தனி பக்கம், அதுல துணி போட்டோ, சைஸ் சார்ட், எம்ஓக்யூ (குறைஞ்சது எத்தன பீஸ்னு). தாரக மந்திரம் ஆபீஸ் சுவத்துல இருக்கட்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஒரு ஏஜென்சி ஃபோன் பண்ணி மாசம் 15,000 குடுங்க, 30 நாள்ல கூகுள் முதல் பக்கம் கேரண்டி, 1000 பேக்லிங்க் ஃப்ரீன்னு சொல்றாங்க. நம்பலாமா அண்ணா?

வேணாம் தம்பி. முதல் இடத்துக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு, ரேங்க்கை காசுக்கு விக்கறதும் இல்ல. நல்லா வேலை பண்ற ஆளா இருந்தாலும் பலன் தெரிய பொதுவா நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னுதான் கூகுள் தரப்புல சொல்லியிருக்காங்க. இதுல 30 நாள் கேரண்டின்னா ஒண்ணு பொய், இல்லன்னா யாருமே தேடாத ஒரு நீளமான வார்த்தையை பிடிச்சு அதுல முதல்ல காட்டிட்டு காசு வாங்கிடுவாங்க. உங்க கம்பெனி பேரு, கூட தெரு பேரு, கூட பின்கோடு எல்லாம் சேர்த்து தேடுனா நீங்க முதல்ல வர்றதுல என்ன அதிசயம் இருக்கு?

அந்த 1000 பேக்லிங்க்தான் அதைவிட ஆபத்து. மத்த சைட்ல இருந்து உங்களுக்கு லிங்க் வந்தா மதிப்புதான், ஆரம்பத்துல கூகுள் மத்த தேடுபொறிகளை முந்துனதே இந்த லிங்க்கை எடை போடற பேஜ்ரேங்க் முறையாலதான். ஆனா காசுக்கு வாங்குன லிங்க்னு தெரிஞ்சா கதை மாறிடும். அமெரிக்காவுல ஜேசி பென்னின்னு ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், டிரஸ், பெட்ஷீட், கார்ப்பெட்னு எதை தேடுனாலும் பண்டிகை சீசன் பூரா அவங்கதான் மேல. சம்பந்தமே இல்லாத ஏகப்பட்ட சைட்கள்ல அவங்களுக்கு காசு குடுத்து போட்ட லிங்க் இருந்ததை 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் வெளிய கொண்டாந்துச்சு, கூகுள் நடவடிக்கை எடுத்ததும் ஒண்ணாம் இடத்துல இருந்தவங்க பல பக்கம் பின்னாடி போயிட்டாங்க. அடுத்த வருஷம் 2012 ஜனவரியில கூகுள் தன்னோட குரோம் பக்கத்தையே இதே மாதிரி காரணத்துக்காக கீழ இறக்குச்சு, ஒரு விளம்பர கேம்பெயின்ல காசு வாங்கிட்டு எழுதுன பதிவுகள்ல அந்த லிங்க் இருந்துச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல பெங்குயின்னு ஒரு அப்டேட் விட்டாங்க, லிங்க் வியாபாரத்தை நம்பி இருந்த சைட்கள் பல படுத்துடுச்சு. சொந்த பக்கத்தையே விடாதவன் உங்களை விடுவானா?

ஏஜென்சியே வேணாம்னு சொல்லல. நல்லவங்க இருக்காங்க. முதல் மாசம் என்னென்ன பக்கத்துல என்ன மாத்துவீங்க, லிங்க் எங்க இருந்து வரும்னு எழுதி கேளுங்க. சர்ச் கன்சோலும் டொமைனும் உங்க மெயில் ஐடியில இருக்கணும், அவங்களுக்கு ஆக்சஸ் மட்டும் குடுங்க. டொமைனையே அவங்க பேர்ல வாங்கிட்டு, வேணாம்னு விலகுனதும் தர மாட்டேங்கற பஞ்சாயத்து வாராவாரம் வருது.

கேள்வி (சிவகாசி): பட்டாசு கடை சைட்டுக்கு கூகுள் ஆட்ஸ் போட்டா ரிஜெக்ட் ஆகுது. வேற வழி?

ஆட்ஸ்ல வழி கிடையாது சார். கூகுளோட ஆபத்தான பொருட்கள் பாலிசியிலயே பட்டாசு வருது. வார்த்தையை மாத்தி, ஸ்பெல்லிங்கை மாத்தி போடாதீங்க, அக்கவுண்ட்டே போயிடும். அதோட 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் இ-காமர்ஸ் சைட்கள் ஆன்லைன்ல ஆர்டர் எடுத்து பட்டாசு விக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு, அதனால உங்க சைட்ல கார்ட், பேமெண்ட் எல்லாம் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்ட்ட கேட்டுக்கோங்க, அது என் டிபார்ட்மென்ட் இல்ல.

கடையை பத்தி, விலையை பத்தி தகவல் சொல்ற பக்கம் வேணா தேடல்ல கொண்டு வரலாம். இங்க எல்லாரும் பண்ற ஒரு தப்பு, வருஷா வருஷம் விலை பட்டியலுக்கு புது பக்கம் போடறது. 2023க்கு ஒண்ணு, 2024க்கு ஒண்ணு, பழசு அநாதையா கிடக்கும். முகவரியில வருஷம் இல்லாம "விலை பட்டியல்"னு ஒரே பக்கம் வச்சுக்கோங்க, தலைப்புலயும் உள்ளயும் மட்டும் வருஷத்தை மாத்துங்க, பழைய வருஷத்துல அந்த பக்கத்துக்கு வந்த லிங்க், பேரு எல்லாம் அப்படியே நிக்கும். பழைய பக்கங்கள்ல இருந்து இதுக்கு ரீடைரக்ட் (பழசை திறந்தா தானா இங்க வர்ற ஏற்பாடு) குடுத்துடுங்க. ஆடி முடிஞ்சு யோசிச்சா லேட்டு, சித்திரையிலயே பக்கம் ரெடியா நிக்கணும். அப்புறம் போலி பட்டாசு சைட்ல பணத்தை விட்டவங்க ஜாஸ்தி, அதனால லைசென்ஸ் நம்பர், கடை போட்டோ, லேண்ட்லைன், மேப் எல்லாம் கண்ணுல படற மாதிரி வைங்க.

கேள்வி (திருச்சி): ஏசி சர்வீஸ் பண்றேன். கூகுள் மேப்ஸ்ல போட்டிக்காரன் கடை பேரோட "பெஸ்ட் ஏசி சர்வீஸ் திருச்சி"ன்னு சேர்த்து வச்சு மேல வர்றான். நானும் அப்படி மாத்தலாமா? ரிவ்யூ போட்டா 100 ரூபா தள்ளுபடி குடுக்கலாமா?

ரெண்டும் கூடாது. பிசினஸ் ப்ரொஃபைல்ல போர்டுல இருக்கற பேரைத்தான் வைக்கணும், எக்ஸ்ட்ரா வார்த்தை சேர்த்தா ப்ரொஃபைல் சஸ்பெண்ட் ஆகலாம், திரும்ப எடுக்க அலைய வைப்பாங்க, அதுவும் ஏப்ரல் மே சீசன்ல நடந்தா யோசிச்சு பாருங்க. அவனோட பேரை மேப்ஸ்லயே சஜஸ்ட் ஆன் எடிட் போய் திருத்த சொல்லி குடுக்கலாம். தள்ளுபடிக்கு ரிவ்யூ வாங்கறதையும் கூகுள் தடை பண்ணியிருக்கு. வேலை முடிச்சு ஏசியில குளிர் வந்து வீட்டுக்காரங்க சிரிக்கறப்பவே ரிவ்யூ லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, காசு எதுவும் தர வேணாம், நிறைய பேர் போடுவாங்க. வர்ற ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதுங்க, திட்டுனவங்களுக்கும்.

லோக்கல் தேடல்ல கூகுள் பாக்கறது மூணு: தேடுனதுக்கு நீங்க பொருந்தறீங்களா, தேடறவருக்கு எவ்வளவு கிட்ட இருக்கீங்க, எவ்வளவு பிரபலம். தூரத்தை உங்களால மாத்த முடியாது. ஸ்ரீரங்கத்துல இருக்கற கடை திருவெறும்பூர்ல தேடறவருக்கு முதல்ல வரலைன்னா அதுல குத்தம் இல்ல. கேட்டகிரியை சரியா போடுங்க, எலக்ட்ரிக்கல் ஷாப்னு போட்டுட்டு ஏசிக்கு வரலைன்னா எப்படி. வீட்ல இருந்து தொழில் பண்றதா இருந்தா முகவரியை மறைச்சுட்டு எந்தெந்த ஏரியாவுக்கு போவீங்கன்னு மட்டும் குடுக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): தஞ்சாவூர் ஓவியம் வரைஞ்சு விக்கறேன். சைட் தமிழ்ல வைக்கணுமா இங்கிலீஷ்லயா?

யார் வாங்கறாங்கன்னு பாருங்கம்மா. பெங்களூர், சிங்கப்பூர்ல இருந்து கேக்கறவங்க இங்கிலீஷ்ல தேடறாங்க, உள்ளூர்ல கிரகப்பிரவேசத்துக்கு வாங்கறவங்க தமிழ்லயும் தேடுவாங்க, தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சும் தேடுவாங்க. சர்ச் கன்சோல்ல பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல எந்த வார்த்தைக்கு வந்தாங்கன்னு அப்படியே காட்டும், அதை பாத்து முடிவு பண்ணுங்க. ரெண்டும் வேணும்னா ரெண்டுக்கும் தனித்தனி பக்கம், ஒரே பக்கத்துல கலக்காதீங்க.

உங்க சைட்ல பெரிய பிரச்சனை மொழி இல்ல. தமிழ் விவரம் பூரா டிசைனர் செஞ்ச படத்துக்குள்ள இருக்கு. கூகுள் படத்துல இருக்கறதை எழுத்தா படிச்சு பக்கத்தை புரிஞ்சுக்கும்னு நம்பி உக்காரக்கூடாது, யூனிகோட்ல டைப் பண்ணி எழுத்தாவே போடுங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சு ஒட்டுனா நம்ம கண்ணுக்கு தமிழா தெரியும், உள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் கிறுக்கல். பட ஃபைல் பேரும் ஐஎம்ஜி 2034ன்னு கேமரா வச்ச பேர்லயே இருக்கு. கிருஷ்ணர், எத்தன இன்ச், தங்க ரேக்கு எத்தன கேரட், பலகை என்ன, பிரேம் தேக்கான்னு படத்துக்கு கீழ எழுதுங்க, ஆல்ட் டெக்ஸ்ட்லயும் (படத்தோட சேர்த்து உள்ள குடுக்கற விவரம்) சுருக்கமா சொல்லுங்க. இந்த மாதிரி பொருளுக்கு இமேஜ் சர்ச்ல இருந்து வர்ற ஆளுங்க நிறைய.

கேள்வி (சேலம்): மெட்டா கீவேர்ட்ஸ்ல எத்தன வார்த்தை போடணும்?

சைபர். அது பக்கத்தோட கோடுக்குள்ள மறைஞ்சிருக்கற வார்த்தை பட்டியல், ரேங்க்குக்கு அதை பாக்கறது இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிடுச்சு. அந்த நேரத்துல பக்கத்தோட டைட்டிலை ஒழுங்கா எழுதுங்க.

கேள்வி (சென்னிமலை): பெட்ஷீட்டுக்கு தினம் 500 ரூபாய்க்கு ஆட்ஸ் ஓடுது, வர்ற ஃபோன் எல்லாம் தறி வேலை இருக்கான்னு கேக்குது. ஆட்ஸ் ஓடுனா சாதா ரேங்க்கும் ஏறுமா?

ஏறாது, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு கூகுளே சொல்லுது. வேலை கேட்டு ஃபோன் வருதுன்னா உங்க விளம்பரம் அந்த தேடலுக்கும் காட்டுது, ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு நீங்கதான் குடுக்கறீங்க. ஆட்ஸ்ல சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை திறந்தா ஜனங்க நிஜமா என்ன அடிச்சாங்கன்னு தெரியும். வேலை, ஜாப், சம்பளம், செகண்ட்ஹேண்ட், ரிப்பேர் இதையெல்லாம் நெகட்டிவ் கீவேர்ட்ல (இந்த வார்த்தை இருந்தா விளம்பரம் காட்டாதேன்னு சொல்ற பட்டியல்) போடுங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். கீவேர்டு பிராட் மேட்ச்ல (சம்பந்தப்பட்ட எல்லா தேடலுக்கும் காட்டறது) இருந்தா ஃப்ரேஸ்க்கு (அந்த வார்த்தைகளோட அர்த்தம் வர்ற தேடலுக்கு மட்டும்) மாத்துங்க. டிஸ்ப்ளே நெட்வொர்க் (மத்த சைட், ஆப்கள்ல விளம்பரம் காட்டறது) டிக்கை எடுங்க. லொக்கேஷன்ல அந்த ஊர்ல இருக்கறவங்கன்னு மட்டும் வைங்க, தானா விட்டா அந்த ஊர் மேல ஆர்வம் காட்டுறவங்களுக்கும் போகும். வாரம் ஒரு தடவை இந்த ரிப்போர்ட்டை பாக்காம ஆட்ஸ் ஓட்டறதுக்கு அந்த 500ஐ ஆள் வச்சு நோட்டீஸ் குடுக்க செலவு பண்ணலாம்.

கேள்வி (மதுரை): டொமைன் மாத்தறோம். பழசை விட்டுடலாமா?

விடாதீங்க. பழைய பக்கம் ஒவ்வொண்ணுல இருந்தும் அதுக்கு ஈடான புது பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமா இடம் மாறிடுச்சுன்னு சொல்றது) குடுங்க, எல்லாத்தையும் ஹோம் பேஜுக்கு தள்ளக்கூடாது. கன்சோல்ல சேஞ்ச் ஆஃப் அட்ரஸ் குடுங்க. ரீடைரக்ட் குறைஞ்சது ஒரு வருஷமாவது இருக்கட்டும், பழைய டொமைனை அதுக்கப்புறமும் ரினியூவல் கட்டி கையில வைங்க, விட்டா வேற எவனாவது வாங்கி சூதாட்ட சைட் போட்டுடுவான்.

கேள்வி (ஓசூர்): ஏஐ வந்ததுக்கப்புறம் எஸ்இஓ (தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வேலை) செத்துடுச்சுன்னு சொல்றாங்களே?

கொஞ்சம் அடி வாங்கியிருக்கு, சாகல. 2024 ஆகஸ்ட்ல இருந்து இந்தியாவுலயும் கூகுள் மேல ஏஐ ஓவர்வியூன்னு பதிலை அங்கயே சொல்லிடுது, அதனால "கம்ப்ரசர்னா என்ன" மாதிரி பொது அறிவு கட்டுரை எழுதி ஆள் சேர்த்த சைட்களுக்கு கிளிக் குறையும். ஓசூர்ல அந்த கம்ப்ரசருக்கு நாளைக்கே ஸ்பேர் பார்ட் யார்ட்ட கிடைக்கும், என்ன விலைன்னு தேடறவன் எப்படியும் உங்களை கூப்பிட்டுத்தான் ஆகணும். அந்த பக்கத்தை பலப்படுத்துங்க. ஏஐ ஓவர்வியூவுல வர தனியா மார்க்கப் (கோடுல சேர்க்கற குறிப்பு) எதுவும் வேணாம்னு கூகுளே சொல்லுது, அதுக்குன்னு பேக்கேஜ் விக்கறவங்கள்ட்ட உஷாரா இருங்க. சாட்ஜிபிடி தேடலுக்கு ஓபன்ஏஐ தனி பாட் (சைட்களை படிக்கற புரோகிராம்) வச்சிருக்கு, உங்க ரோபாட்ஸ் ஃபைல்லயோ (எந்த பாட் படிக்கலாம்னு சொல்ற ஃபைல்) ஹோஸ்டிங்லயோ அதை தடுத்து வச்சிருக்கான்னு பாத்துக்கோங்க. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ்லயும் சைட்டை சேருங்க, சர்ச் கன்சோல்ல இருந்து இம்போர்ட் பட்டனே இருக்கு, பெரிய வேலை இல்ல.