சிறையில் எழுதிய கவிதையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை மகளோடு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. "அறுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஜெயிலில் உட்கார்ந்து எழுதினதைப் படித்தால் இவளுக்கு யார் சார் வேலை கொடுப்பாங்க?" அவள் எதிரே பதில் சொன்னால் வாக்குவாதம் ஆகிவிடும் என்று அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதலில் அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிறைப்பட்டவர்கள் எழுதிய கவிதைகளைத்தான். நீங்கள் தாலுகா அலுவலகத்தில் இத்தனை வருஷமாக எழுத்து வேலை பார்ப்பவர். ஜார்ஜ் ஆஷ்பி என்பவரும் அப்படித்தான். இங்கிலாந்து அரசருக்கும் அரசிக்கும் முத்திரைக் கடிதம் எழுதும் எழுத்தராக நாற்பது ஆண்டு இருந்தவர். ஆட்சி மாறியது. 1463-இல் லண்டன் ஃப்ளீட் சிறையில் அடைபட்டுக் கிடந்தபடி ஒரு நீண்ட கவிதை எழுதினார். பழகியவர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற வருத்தம் அதில் இருக்கிறது. இதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்து இளவரசர் ஜேம்ஸ் 1406-இல் கடலில் பிடிபட்டு ஆங்கிலேயரின் கைதியானபோது அவருக்கு 11 வயது. அப்பா இறந்து, சிறையிலேயே அரசரானார். விடுதலை ஆனது 1424-இல். அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கவிதையின் ஒரே பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. தூக்கம் வராத இரவு. புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்திருக்கிறார். விடியற்காலைப் பூசைக்கு மணி அடிக்கிறது. 'உனக்கு நேர்ந்ததைச் சொல்லு' என்று அந்த மணி தன்னிடம் சொல்வதாக அவருக்குத் தோன்றுகிறது. எழுந்து எழுத ஆரம்பிக்கிறார். உங்கள் மகள் இந்த இடத்தை என்னிடம் சொன்னபோது அவள் குரலே மாறிவிட்டது. மார்க்குக்காகப் படிக்கிற பிள்ளை அப்படிச் சொல்லாது.

ஆனால் அவள் மனதில் பெரிய இடம் பிடித்திருப்பவர் பிரான்சின் ஓர்லேயான் கோமகன் ஷார்ல். 1415-இல் அஜின்கோர் போர்க்களத்தில் பிணக்குவியலுக்கு அடியிலிருந்து ஆங்கிலேயர் அவரை உயிரோடு இழுத்தெடுத்தார்கள். அப்போது வயது 20. இங்கிலாந்தில் கைதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியது 1440-இல். இடையில் பிரான்சில் அவர் மனைவி இறந்துபோனார். இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் நின்று, எதிரே தெரியும் சொந்த நாட்டைப் பார்த்து அவர் எழுதிய பாட்டு ஒன்று உண்டு. தாய்மொழி பிரெஞ்சில் மட்டுமில்லை, தன்னைப் பிடித்து வைத்தவர்களின் ஆங்கிலத்திலும் எழுதினார். அவருடைய சொந்தக் கையெழுத்துப் பிரதி பாரிசில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நண்பர்கள் எழுதிய பாட்டும் அதிலேயே கலந்திருக்கும். ஒரு கோடை முழுக்கச் சின்ன ரொட்டியும் பச்சைத் தண்ணீருமாகச் சிறையில் கிடந்து 1461-இல் வெளியே வந்த பிரெஞ்சுக் கவிஞர் வியோனின் கவிதையும் அதே ஏட்டில் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் பிரெஞ்சு, ஒருவர் இடைக்கால ஆங்கிலம், ஒருவர் ஸ்காட்டு மொழி. இந்தப் படிப்பின் கஷ்டமும் அந்த மொழிகளில்தான், சோறும் அதில்தான். வெறும் ஆங்கில எம்.ஏ.வை வைத்துக்கொண்டு இதற்குள் போனால் உங்கள் பயம் நியாயமானதே. முன்பு என்னிடம் வந்த ஒரு மாணவர் பிரெஞ்சை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டு, ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு மூலத்தைப் படிக்க முடியாமல் தலைப்பையே மாற்றினார். இரண்டு வருஷம் வீண். கண்டிப்பாகச் சொல்லாமல் விட்ட தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் உங்கள் மகள் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எம்.ஏ. சேருகிற அதே மாதம் பிரெஞ்சு வகுப்பிலும் சேர வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. எம்.ஏ. முடிக்கும்போது டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1 நிலைச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஆராய்ச்சிக்கு முன் அதற்கு அடுத்த நிலையான பி2. பள்ளிகளில் பிரெஞ்சு ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, கம்பெனிகளில் மொழி தெரிந்தவர்களுக்கான வேலை, எல்லாவற்றுக்கும் இதுவே சாவி. கவிதை ஆராய்ச்சி கைகூடாமல் போனாலும் கற்ற பிரெஞ்சு அவளோடு இருக்கும்.

கூடவே கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. உங்கள் கையை எதிர்பார்க்காமல் பிஎச்.டி. செய்யலாம். ஜே.ஆர்.எஃப். தவறினாலும் நெட் தகுதி இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்லூரி நியமனம் சீக்கிரம் நடக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். காத்திருக்க வேண்டிவரும், அந்தக் காலத்துக்குத்தான் பிரெஞ்சு.

வெளிநாடு பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள். மூலப் பிரதிகள் பலவற்றின் படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் ஷார்லின் ஏடு முழுதும் இருக்கிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் ஜேம்ஸ், ஆஷ்பி கவிதைகளைச் சொற்பொருளோடு இலவசமாகப் போட்டிருக்கிறது. ஜேம்ஸின் ஏழடிப் பாட்டில் அடிகள் முடியும் ஓசையைக் கேட்டால், நம் யாப்பில் இயைபு என்று சொல்வதுதான் இது என்று அவளுக்குச் சட்டெனப் பிடிபடும். தமிழ் இலக்கணம் படித்த பெண்ணுக்கு அது ஒரு பலம்.

அடுத்த முறை வரும்போது அந்த மணியோசை வரும் ஏழு அடிகளைக் கையால் எழுதி, கீழே தமிழில் பொருளும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிரெஞ்சு வகுப்புக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று நீங்கள் ஒரு கணக்குப் போட்டு வாருங்கள். இரண்டையும் மேசையில் வைத்து மூன்று பேருமாகப் பேசுவோம்.